கரடிக்கும் எல்க்குக்கும் ஒரு துவக்கு

போன சனிக்கிழமை வீட்டில் கறித்தூளுக்கு வறுத்தோம். ஒஸ்லோவின் புறநகர் ஹொல்ம்லியாவில் மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு தூள் வறுப்பதென்றால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. படுக்கையறைக் கதவுகளை அடைக்க வேண்டும். வாசலில் தொங்கும் குளிர் ஜக்கெற்றுகளைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் போட வேண்டும். புகை கண்டால் அலறும் மணிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். பல்கனிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இந்த முன்னேற்பாடுகள் என் பொறுப்பு. வறுப்பது மனைவியின் பொறுப்பு. கொத்தமல்லி, செத்தல் மிளகாய், மிளகு என்று ஒவ்வொன்றாக வறுத்துக் கொட்டிவிட்டு, கடைசியில் பெருஞ்சீரகத்தைத் தாச்சியில் போட்டார். மணம் எழும்பியதும் நான் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அந்த மணத்தில் எனக்குக் கறி ஞாபகம் வருவதில்லை. துவக்கு ஞாபகம் வரும்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் வேட்டைத் துவக்கின் குழலைத் துடைப்பதற்கு ஓர் எண்ணெய் விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் அச்சொட்டாகப் பெருஞ்சீரக மணம். முதல்தரம் அதை மணந்துவிட்டு என் பழைய வேலைத்தோழர் தயாண்ணை, "இதென்னடா, கறிக்கும் ரெண்டு சொட்டு விடலாம் போலை கிடக்கு" என்றார். பக்கத்து ஹவுகெட்டோவில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகை விரித்து, அதன்மேல் துவக்கு கிடந்தது. அவருடைய மனைவி வசந்தி அக்கா குசினி வாசலில் நின்றபடி என்னிடம் முறையிட்டார்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவர் காசு குடுத்து வேண்டிக்கொண்டு வந்து வீட்டுக்கை வைச்சுக்கொண்டு நிக்கிறார். நீயாவது சொல்லக்கூடாதே தம்பி?"

நான் என்ன சொல்வது? அந்தத் துவக்கு எதுவாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்காக அவரோடு சேர்ந்து மண்டையைப் போட்டு உடைத்தவனே நான்தான்.

நான் ஒழுங்காக நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றைய குளிர், பிந்திய ரயில், வந்தவர் போனவர் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி அதை ஒரு வியாதி என்பார். துவக்குத் தேடிய அந்தக் காலத்துக் குறிப்புகள் இப்போதும் அலுமாரியில் இருக்கின்றன. ஆனால் குறிப்பேட்டுக்கு மணம் கிடையாது. அதனால் அதை எடுக்காமலே உங்களுக்குச் சொல்கிறேன்.

தயாண்ணையை நான் முதலில் கண்டது பாட்ஸ்பியோர்ட்டில். நோர்வேயின் வடகோடிக் கரையில், மரம் என்ற ஒன்றே முளைக்காத ஊர். மீன் வெட்டும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கத்தி அவர் கையில் போனால் முள் தானாகக் கழன்று வரும். என் கையில் வந்தால் மீன் இரண்டாந்தரம் செத்தது போலக் கிடக்கும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நோர்வேக்காரர்கள் லீவு போட்டு வேட்டைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் மீனோடு நிற்போம். திரும்பி வந்ததும் சாப்பாட்டறையில் ஒரே அந்தக் கதைதான். வருடம் முழுவதும் மழையையும் பனியையும் தவிர வேறொன்றுக்கும் வாய் திறக்காத மனிதர்கள், கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, மேசையில் முள்ளுக்கரண்டியையும் உப்புப் போத்தலையும் நகர்த்தி நகர்த்திக் கதை சொல்வார்கள். எங்களுக்குப் பாஷை விளங்கும். ஆனால் இடையில் புகுந்து சொல்ல ஒரு சொல் இருக்காது.

தயாண்ணை ஒருநாள் பாணைக் கடித்தபடி சொன்னார்: "தம்பி, இவங்கடை பாஷை படிச்சாச்சு. அவிச்ச கிழங்கும் தின்னப் பழகியாச்சு. கதைக்கேக்கை மட்டும் நாங்கள் இஞ்சை சுவர் மாதிரி. ஒரு துவக்கு இருந்தாத்தான் உந்த மேசையிலை இருக்கலாம்."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கினோம். எனக்கு ஒரு களஞ்சியத்தில் இருப்புச் சரிபார்க்கும் வேலை. அவருக்கு அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் வக்மெஸ்தர் வேலை. அங்கே அவருக்கு மேலாளர் ஒட்வார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, நெடுநெடுவென்று உயர்ந்த மனிதர். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிச்சத்தை அடுத்த நாள் சொல்கிற சுபாவம். சுவீடன் எல்லைக்குக் கிட்ட ஒரு காட்டில் அவர்களுக்கு வேட்டைக்குழு ஒன்று இருந்தது, தலைவர் அவர்தான். அவர்கள் வேட்டையாடுவது எல்க்கை. குதிரை உயரம், தலையில் வாங்குப் பலகை போலக் கொம்பு, ஆள் கூச்சலிட்டால் சோம்பலாகத் திரும்பிப் பார்க்கும் ஒரு மான். ஒட்வார் தயாண்ணையைக் கூப்பிட்டார். தயாண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சுடுவதற்கல்ல. சுடுகிறவர்கள் ஆளுக்கொரு இடத்தில் துவக்கோடு குந்தியிருப்பார்கள். அந்த இடத்துக்குப் 'போஸ்ட்' என்று பெயர். நாங்கள் மறுபக்கத்திலிருந்து கத்திக்கொண்டு காட்டுக்குள் நடந்து மிருகத்தை அவர்கள் பக்கம் கலைக்க வேண்டும். பின்னேரம் மரவீட்டில் கறி காய்ச்ச வேண்டும். எங்கள் இறைச்சிக் கறி எங்களுக்கு முன்னதாகவே அந்தக் குழுவில் உறுப்பினராகிவிட்டது. சில வருடங்கள் இப்படிக் கத்தினோம், காய்ச்சினோம். அதற்கிடையில் தயாண்ணை வேட்டைக்காரருக்கான சோதனை எழுதி, என்னையும் எழுத வைத்தார். இரண்டு பேரும் பாஸ். நான் எழுத்தில் மட்டும் வேட்டைக்காரன்.

ஓர் இலையுதிர்காலக் கடைசியில் ஒட்வார் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பழையவர் ஒருவர் விலகுகிறார். ஒரு போஸ்ட் காலியாகும். தயா, உனக்குத்தான் யோசித்திருக்கிறேன்." தட்டைத் துடைத்து வைத்துவிட்டு மிச்சத்தையும் அன்றைக்கே சொன்னார்: "எல்லைக்கு அப்பாலிருந்து கரடி வரத் தொடங்கியிருக்கிறது. சுட அனுமதி இருக்கிறது. கரடியை நிறுத்துகிற துவக்கோடு வா."

ஒஸ்லோவுக்குத் திரும்பினோம். இறங்கும்போது தயாண்ணை, "பாத்தியே? என்னைத்தான் கேட்டவர். எங்களோடை கத்துற தன்ரை மருமோனைக் கேக்கேல்லை," என்றார்.

நகரத்தில் ஒரு நிலவறையில் துவக்குக் கடை இருந்தது. பெரித் என்ற பெண் நடத்தினார். பின்னிய சுவெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. பார்த்தால் நூல் விற்கிறவர் போலிருப்பார். அவர் எங்கள் முன்னால் மூன்று துவக்குகளைக் கிடத்தினார். முதலாவது ஆறரை மில்லிமீட்டர்; குண்டின் பருமனைச் சொல்லித்தான் துவக்கைச் சொல்வார்கள். நோர்வேயில் பாதி வீடுகளில் இருப்பது. பழையதாக மலிவாகக் கிடைக்கும், குண்டும் மலிவு, நாட்டுப்புறக் கடையிலும் வாங்கலாம், சுடும்போது தோளில் உதை குறைவு. சிறு மானிலிருந்து எல்க் வரை போதும். கரடிக்கும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சரியான இடத்தில் பட வேண்டும். மூன்றாவது, ஆபிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் கொண்டுபோகிற சாதியைச் சேர்ந்த, அங்குலக் கணக்கில் பெயர் வைத்த முந்நூற்று எழுபத்தைந்து. விலையைக் கேட்டு நான் இரண்டடி பின்னால் போனேன். குண்டு ஒவ்வொன்றும் ஒரு நேரச் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது தசம் மூன்று. எல்க்குக்கும் கரடிக்கும் பொருந்தும். பெரிய துவக்கைப் போல வீட்டைக் காலிசெய்யாது. சிறு மானுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம்.

பெரித், "எதைச் சுடப் போகிறாய் என்று எல்லாரும் கேட்பார்கள். நான் கேட்பது வேறு. வருடத்தில் எத்தனை தரம் பயிற்சிக்குப் போவாய்? விலையான குண்டு வாங்குகிறவன் பயிற்சிக்குப் போகமாட்டான். பயிற்சி இல்லாதவனிடம் கரடி வந்தால் துவக்கு எதுவென்று கரடி பார்க்காது," என்றார்.

சுடுகளத்தில் பெரிய துவக்கை இரவலாக வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். தயாண்ணை ஒரு வெடி வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாம்பன் மாடு இடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்கும் ஆசை. சுட்டேன். குண்டு எங்கே போனதென்று எனக்கும் தெரியாது, இலக்குப் பலகைக்கும் தெரியாது. தெறித்து விழுந்த என் கண்ணாடியைத் தேடி எடுத்து மூக்கில் மாட்டிவிட்டவர் ஒரு பதினாறு வயதுப் பெண்.

நான் களஞ்சியக்காரன். கட்டம் போட்ட தாளில் விலை, குண்டின் விலை, பாரம், உதை, பயன் என்று பிரித்து எழுதிக்கொண்டு ஹவுகெட்டோவுக்குப் போனேன். முடிவு எனக்குத் தெளிவாக இருந்தது.

"ஆறரைதான் அண்ணை. எல்க் வருசா வருசம் வரும். கரடி ஆயுளிலை ஒருக்கா வந்தாலும் வரும், வராமலும் விடும். வராத விருந்தாளிக்கு ஏன் இவ்வளவு செலவு?"

"அந்த ஒருக்கா வரேக்கை நான் என்ன செய்யிறது? ஒட்வாரைக் கூப்பிடுறதோ? பிறகும் கத்திக்கொண்டு ஓடுற ஆள்தானே நான்."

"அப்ப பெரியதை வேண்டுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? கரடிக்கு எண்டு ஒண்டு, எல்க்குக்கு எண்டு ஒண்டு வைச்சிருக்க நானென்ன ராசாவே?" அவர் எழுந்து போய்க் குசினித் தட்டிலிருந்த தூள் போத்தலைக் கொண்டுவந்து என் கட்டத்தாளின் மேல் வைத்தார். "இஞ்சை பார். மீனுக்கும் இதுதான், இறைச்சிக்கும் இதுதான், கத்தரிக்காய்க்கும் இதுதான். ஒரு தூளிலை எல்லாக் கறியும் வைக்கிற சனம் நாங்கள். எங்களுக்கு நடுவாலை உள்ளதுதான் சரி."

நான் போத்தலுக்கு அடியிலிருந்து தாளை இழுத்து மடித்தேன்.

பொலிஸ் அனுமதிக்குப் போனபோது, ஆயுதத்தோடு முன்னனுபவம் உண்டா என்று அதிகாரி கேட்டாராம். "பின்னால் நின்ற அனுபவம் இல்லை, முன்னால் நின்ற அனுபவம் உண்டு," என்று இவர் சொன்னாராம். அதிகாரி சிரிக்கவில்லை; ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோயிலில் எங்கள் ஆட்கள் அப்படி விடவில்லை. "என்ன தயா, திரும்பவும் இயக்கம் தொடங்கிறியளோ?" என்று ஒருவர் அன்னதான வரிசையில் நின்று உரக்கக் கேட்க, வசந்தி அக்கா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். கார் வாங்கச் சேர்த்த காசு துவக்காகவும், அதை வைக்கும் இரும்பு அலுமாரியாகவும் மாறியது. ஆனாலும் தயாண்ணை அந்தக் கோடை முழுவதும் சுடுகளத்துக்குப் போனார். மீன் முள்ளை எடுத்த அதே கை. பலகையில் நடு வட்டத்தைக் கிழித்து வைத்தார். ஒட்வார் ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ம்" என்றார். அது பெரிய பாராட்டு.

அந்த இலையுதிர்கால வேட்டையின் முதல்நாள் காலை மரவீட்டு மேசையில் சீட்டுக் குலுக்கிப் போஸ்ட் பிரித்தார்கள். ஒட்வார் வழக்கம்போல விதியைச் சொன்னார்: யாருடைய போஸ்டுக்கு முன்னால் மிருகம் வருகிறதோ அவருடைய வெடி. வேறெவருடையதுமல்ல. தயாண்ணைக்குச் சேற்று நிலத்தின் ஓரத்தில் ஒரு மேடு விழுந்தது. அடுத்த போஸ்ட் ஒட்வாருடையது, அதே ஓரத்தில் சற்றுத் தள்ளி ஒரு பாறை. எனக்கு முந்தின நாள் கால் பிசகியிருந்ததால் கத்தும் வேலையிலிருந்து விடுதலை; தயாண்ணைக்குப் பக்கத்தில் குந்தியிருக்க அனுமதித்தார்கள்.

காட்டுக்குள் ஒட்வாரின் நாய் ருஸ்க் குரைப்பது கேட்டது. எல்க்கைக் கண்டால் குரைக்கும் குரல் எங்களுக்குத் தெரியும். இது அதுவல்ல. சிறிது நேரத்தில் பிர்ச் மரங்களை விலக்கிக்கொண்டு கரடி வெளியே வந்தது. எங்களுக்கு முன்னால், பாறை இல்லாத பக்கமாக. தூங்கி எழுந்தவன் வேலைக்குப் போவது போல, தலையைத் தொங்கப் போட்டபடி, அவசரமில்லாமல் நடந்தது. தயாண்ணை துவக்கைத் தூக்கினார். பாதுகாப்புப் பூட்டை விலக்கினார். நான் அவருடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

விரல் அசையாமல் நின்றது. அவருடைய கண் மெதுவாகப் பாறைப் பக்கம் திரும்பியது.

"அண்ணை, எங்கடை பக்கம்தானே," என்றேன், மூச்சுக் குரலில்.

"அவர் வெடி வைக்கட்டும். பெரியவர் இருக்கேக்கை..."

அவ்வளவுதான். விதி எங்களுக்குத் தெரியாமலில்லை. அன்று காலையும் கேட்டோம். ஆனால் பந்தியில் மூத்தவர் கை நனைக்காமல் நாங்கள் இலையில் கை வைத்ததில்லை. சபையில் பெரியவர் வாய் திறக்காமல் நாங்கள் பேசியதில்லை. இவர் தலைவர், வயதில் மூத்தவர், மருமகனை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டவர். அந்தக் காட்டில் பல வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் கரடி. அதை நேற்று வந்தவன் முந்தி எடுப்பதா? கை மறுத்துவிட்டது. ஒட்வாரோ சுட முடியாத கோணத்தில் இருந்தார். கரடிக்கும் அவருக்கும் நேரே நடுவில் நாங்கள். அவர் தயாண்ணையின் வெடிக்காகக் காத்திருந்தார். தயாண்ணை அவருடைய வெடிக்காகக் காத்திருந்தார். கரடி எங்களைக் கடந்து நீரோடைப் பக்கம் இறங்கியது. ருஸ்க் பின்னாலேயே ஓடியது. பிறகு ஒரு குரல் மட்டும் கேட்டது.

நாயை ஒட்வார் தன் ஜக்கெற்றில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

மரவீட்டில் யாரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒட்வார் தயாண்ணையின் தோளில் கை வைத்து, "பயம் வருவது மனித இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தயாண்ணை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழி முழுவதையும் திரட்டிச் சொன்னேன்: அவர் பயப்படவில்லை; உங்களுக்கு மரியாதை தந்தார்; எங்கள் வழக்கம் இது; பெரியவரை முந்த மாட்டோம். ஒருவர் இருமினார், அல்லது சிரித்தார். ஒட்வார் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் என் நாய் மரியாதையால் செத்தது," என்றார்.

வீடு திரும்பும் வழியில் தயாண்ணை என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீ ஏன் சொன்னனீ? பயந்தவன் எண்டு நினைச்சா அடுத்த வருசம் மறப்பாங்கள். மடையன் எண்டு நினைச்சா மறப்பாங்களே?"

"உண்மையைத்தானே சொன்னனான் அண்ணை."

"உண்மை ஆருக்கு வேணும்?"

நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சரியைச் சொன்னதால் எனக்கு என்ன கிடைத்தது என்றால், ஒன்றுமில்லை.

அடுத்த கோடையில் ஒட்வார் தொலைபேசியில் அழைத்தார். போஸ்டை மருமகனுக்குக் கொடுத்தாயிற்றாம். ஆனால் முன்பு போல நடக்கவும் சமைக்கவும் இருவரும் கட்டாயம் வர வேண்டுமாம்; கறியில்லாத வேட்டை என்ன வேட்டை என்று எல்லாரும் கேட்கிறார்களாம். அன்பாகத்தான் பேசினாராம். அதுதான் தயாண்ணையால் தாங்க முடியாமல் போனது. "துவக்கைக் கொண்டுவரட்டுமோ?" என்று இவர் கேட்டிருக்கிறார். "தேவையில்லை," என்றிருக்கிறார் அவர். நாங்கள் இருவருமே போகவில்லை. வேலையிடத்தில் வேட்டைக் கதை தொடங்கினால் தயாண்ணை கோப்பையை எடுத்துக்கொண்டு கொதிகலன் அறைக்குள் போய்விடுவார் என்று வேறொருவர் சொல்லி அறிந்தேன். பிறகு வேறு வேலை எடுத்தார். என் வீட்டுக்கு வருவதும் நின்றது. நான் போனால் வசந்தி அக்கா தேத்தண்ணி தருவார். தயாண்ணை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். மெல்ல நானும் போவதை விட்டேன்.

துவக்கைப் பெரித்திடமே திருப்பி விற்றார். பலகையைத் தவிர வேறெதையும் சுடாத துவக்கு; எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று தேடித் தேடி வாங்கியது. ஆறரை என்றால் நல்ல விலைக்குப் போயிருக்கும், எல்லாரும் கேட்பது. நடுத்தரமானதை யார் கேட்கிறார்கள் என்று பெரித் பாதி விலைதான் கொடுத்தாராம்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த நிலவறையில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ஒட்வார் காலமாகிவிட்டார், குழு கலைந்து, காட்டை யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். நான் இப்போது வேலை செய்யும் இடத்திலும் இலையுதிர்காலத்தில் லீவு போடுகிறார்கள். திரும்பி வந்து யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. காதில் இயர்போனை அடைத்துக்கொண்டு ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். அவர்கள் மேசையில் எனக்கு இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.

இந்த வருட இளவேனிலில், தெரிந்தவர் வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தோம். வாடகை மண்டபம். பந்தியெல்லாம் எப்போதோ போய்விட்டது; நீள மேசை, அடுக்கிய தட்டு, நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சோற்றுக் கரண்டியைத் தொடப் போகும்போது பக்கத்தில் தயாண்ணை வந்து நின்றார். தலை முழுவதும் நரைத்திருந்தது. நான் பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினேன்.

"நீங்கள் எடுக்கேல்லையோ?" என்றார்.

"நீங்கள் முதல்லை எடுங்கோ அண்ணை."

"அப்ப விலத்துங்கோ."

விலகினேன். எங்களுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒரு முதியவர் தட்டை ஏந்தியபடி நின்றார். தயாண்ணை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றை அள்ளினார், கறியை அள்ளினார், போய் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து, யாருக்காகவும் காத்திராமல் சாப்பிடத் தொடங்கினார். நான் கரண்டியை எடுத்து என் தட்டை நிரப்பினேன். அந்த முதியவரை முன்னால் விட்டிருக்கலாம் என்பது, நான் உட்கார்ந்து முதல் வாய் உண்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது.